ஒயரைக் காக்கும் பெட்டி: காரின் உள் ஃபியூஸ் பாக்ஸை வீட்டிலேயே மாற்றுவது

காரில் உள்ள ஃபியூஸ் காப்பது விளக்கையோ ஹாரனையோ அல்ல, அவற்றுக்குப் போகும் ஒயரைத்தான். பல்பு எரிந்து போனால் வேறு பல்பு வாங்கிப் போட்டுவிடலாம். தரைவிரிப்புக்கு அடியிலும் கதவுத் தூணுக்குள்ளும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் ஓடும் ஒயர் சூடேறி உறை உருகினால் வண்டியே தீப்பிடிக்கும். அந்த ஒயர்கள் கிளை பிரியும் இடத்தில், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு காவல் என்று வைத்து ஒரே பெட்டியில் அடுக்கியிருப்பதுதான் ஃபியூஸ் பாக்ஸ். இந்த அடிப்படை மனத்தில் இருந்தால் பெட்டியை மாற்றும் வேலையில் எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

இந்தியக் கார்களில் பொதுவாக இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று பானெட்டைத் திறந்ததும் பேட்டரிக்குப் பக்கத்தில் தெரியும். மற்றொன்று காருக்குள், பெரும்பாலும் ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு நேரே, டேஷ்போர்டின் அடிப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் போன்ற அதிக மின்னோட்டம் இழுக்கும் பாகங்கள் முதல் பெட்டியைச் சேர்ந்தவை. வைப்பர், ஹாரன், உள்விளக்கு, கதவுக் கண்ணாடி மோட்டார், ஏசி புளோயர், மியூசிக் சிஸ்டம், ஏர்பேக் எல்லாம் பெரும்பாலும் உள் பெட்டியின் பொறுப்பு. இந்த அத்தியாயம் பேசுவது இரண்டாவது பெட்டியைப் பற்றி.

ஃபியூஸ் காரைவிட மூத்தது. இடி மின்னலிலிருந்து தந்தி நிலையங்களைக் காக்க, கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக வைத்தால் அந்த இடம் முதலில் உருகி மற்றதைக் காப்பாற்றும் என்று 1847இல் யோசனை சொன்னவர் லூயி பிரெகே என்ற பிரெஞ்சுக்காரர். 1927இல் சிகாகோவில் எட்வர்ட் சண்ட் தொடங்கிய லிட்டெல்ஃபியூஸ் நிறுவனம், சோதனை மீட்டர்களைக் காக்கும் சின்னஞ்சிறு ஃபியூஸ்களில் ஆரம்பித்தது. இன்று எந்தக் காரைத் திறந்தாலும் தெரிகிற, இரண்டு கால்களும் வண்ண பிளாஸ்டிக் தலையும் கொண்ட பிளேடு ஃபியூஸ் அதே நிறுவனத்தில் 1976இல் உருவானது. அதற்கு முன்பு கண்ணாடிக் குழல் ஃபியூஸ்தான். பழைய அம்பாசிடரில் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. ஒரே ஃபியூஸுக்குப் பின்னால் ஹாரன், வைப்பர், பிரேக் லைட் என்று பலவும் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போதைய காரில் ஃபியூஸ்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒரு கிளை செத்தால் மற்றவை பிழைக்கும் என்பது இதன் பெரிய நன்மை. கூடவே, பெட்டி சிக்கலானதாகவும் விலை கூடியதாகவும் மாறிவிட்டது.

பிளேடு ஃபியூஸின் இரண்டு கால்களுக்கும் நடுவே வளைந்து நிற்பது துத்தநாகத் தகடு. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். தகடு மெல்லியதாகவும் குறைந்த வெப்பத்தில் உருகுவதாகவும் இருப்பதால் ஒயருக்கு முன்பே அது போய்விடுகிறது. ஆனால் ஃபியூஸ் சுவிட்சைப் போல ஒரு எல்லையைத் தொட்டதும் அணைந்துவிடும் பொருள் அல்ல. 10 ஆம்பியர் ஃபியூஸில் 11 ஆம்பியர் ஓடினால் அது நூறு மணி நேரம்கூடத் தாங்க வேண்டும் என்பதுதான் விதி. 13.5 ஆம்பியர் ஓடினால் பத்து நிமிடத்துக்குள் உருக வேண்டும். 20 ஆம்பியர் என்றால் ஐந்து நொடிக்குள். நேரடி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே சிறிய அளவில் கூடுதலாக ஓடும் மின்னோட்டத்தை ஃபியூஸ் நெடுநேரம் அனுமதிக்கும். வடிவமைப்பாளர்கள் இதை அறிந்தே, தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் ஃபியூஸ் எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி கணக்கிடுகிறார்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அவற்றை ஒரே ஃபியூஸில் ஓட்டுவதானால் 10 போதாது, 15 வேண்டும்.

ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. 10 ஆம்பியருக்காகப் போடப்பட்ட ஒயரில், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியரைச் செருகிவிட்டால், 25 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் அசையாது. ஒயரோ ஆறேகால் மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும், அதுவும் காற்றோட்டம் இல்லாத டேஷ்போர்டுக்குள். வயல்வெளி மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கட்டையில் இரண்டு மூன்று இழைக் கம்பியை முறுக்கிக் கட்டும் பழக்கம் காருக்கு வந்துசேர்ந்ததன் வடிவம் இது. கொட்டகையில் அது மோட்டார் காயிலைப் பறிக்கும். காரில் உள்ளே இருப்பவரின் உயிரைப் பறிக்கலாம்.

பெட்டி ஏன் கருகுகிறது

ஃபியூஸ் போவது இயல்பான நிகழ்வு, ஆனால் பெட்டியே கருகுவது நோயின் அறிகுறி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் புதுப் பெட்டி போட்டால் சில மாதங்களில் அதுவும் கருகும்.

முதல் காரணம் தளர்ந்த தொடர்பு. ஃபியூஸின் காலைப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு உலோக இதழ்கள் கவ்விப் பிடிக்கின்றன. நல்ல கவ்வலில் தொடர்பின் மின்தடை சில மில்லி ஓம்தான். அதன் வழியே 15 ஆம்பியர் ஓடினால் ஒரு வாட் அளவே வெப்பம் பிறக்கும். இதழ் தளர்ந்தோ களிம்பேறியோ மின்தடை 0.1 ஓம் ஆனால், அதே 15 ஆம்பியர் 22 வாட் வெப்பத்தைப் பிறப்பிக்கும். ஒரு சால்டரிங் அயர்ன் தரும் அளவு அது. அத்தனையும் அரிசி மணி அளவுள்ள ஓர் இடத்தில் குவிகிறது. பிளாஸ்டிக் இளகுகிறது, இதழின் விறைப்பு போகிறது, தொடர்பு மேலும் தளர்கிறது, வெப்பம் மேலும் கூடுகிறது. இவ்வளவு நடந்தும் ஃபியூஸ் போவதில்லை, ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை. கூடுதல் மின்தடையால் அது சற்றுக் குறைந்தும் இருக்கும். ஃபியூஸ் கண்டுகொள்ளவே முடியாத தீ இதுதான், அதனாலேயே மிக ஆபத்தானது. ஏசி புளோயரை முழுவேகத்தில் வைத்து மணிக்கணக்கில் ஓட்டும் நம் ஊர் வெயில் காலத்தில் முதலில் கருகும் இடம் பெரும்பாலும் புளோயர் ஃபியூஸின் கூடு.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. சங்கராபரணியும் கரை புரண்டது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் இருக்கை வரை நீர் ஏறிய கார்களில் உள் ஃபியூஸ் பாக்ஸ் தப்பாது, ஏனென்றால் அது இருக்கும் உயரமே அவ்வளவுதான். நீர் வடிந்த பிறகு கார் ஓடலாம். பெட்டிக்குள் புகுந்த சேற்று நீரின் உப்புகள், மின்னழுத்தம் இருக்கும் செம்பைச் சிறிது சிறிதாக அரித்துப் பச்சைக் களிம்பாக்கும். கோளாறு வெளிப்படுவது வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான். சும்மா நிற்கும் காரில் வைப்பர் ஓடும், கதவு பூட்டித் திறக்கும், பேட்டரி இரவில் இறங்கிவிடும்.

வெள்ளம் வராத இடத்திலும் தண்ணீர் வரும். மதகடிப்பட்டிலிருந்து திருபுவனை வழியாகப் புதுச்சேரி போகும் சாலையானாலும் உள்கிராமத் தெருவானாலும், வெயிலுக்குப் பயந்து கார்கள் வேப்ப மரத்தடியிலும் புளிய மரத்தடியிலும்தான் நிற்கின்றன. உதிரும் சிற்றிலைகள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடும். தேங்கிய மழைநீர் டேஷ்போர்டுக்குள் கசியும். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். இந்தக் கசிவை நிறுத்தாமல் பெட்டியை மாற்றுவது பணத்தைச் சேற்றில் போடுவது.

மூன்றாவது காரணம் எலி. நெல் வயலும் கரும்புக் கொல்லையும் சூழ்ந்த, புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இது சாதாரணம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் கதகதப்பான இடம் தேடி வண்டிக்குள் ஏறும். உறை கடிபட்ட ஒயர் பாடியில் உரசும் போதெல்லாம் ஃபியூஸ் போகும். நின்றால் சரியாக இருக்கும், மேடு பள்ளத்தில் மட்டும் கோளாறு வரும். இத்தகைய வண்டியில் குற்றவாளி ஃபியூஸ் பாக்ஸ் அல்ல.

நான்காவது காரணம் மனிதக் கை. கூடுதல் லைட், ஏர் ஹாரன், ஆம்ப்ளிஃபயர், ரிவர்ஸ் கேமரா ஆகியவற்றுக்குத் தனி ரிலேயும் தனி ஃபியூஸும் போட்டு பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுப்பது முறையான வழி. நேரமும் கூலியும் மிச்சமாகிறது என்று உள் பெட்டியின் ஏதோ ஒரு ஃபியூஸ் காலில் ஒயரைச் சுற்றிச் செருகிவிடுவது நடைமுறை. அந்த ஒயர் இதழை விரித்துவிடும். பிறகு ஒயரை எடுத்தாலும் இதழ் பழைய நெருக்கத்துக்குத் திரும்பாது. காரின் மின்சுற்றில் பாதுகாப்பு போதவில்லை என்று தெரிந்தால் தயாரிப்பாளரே பின்னால் சேர்த்துத் தருவதும் உண்டு. சில நானோ கார்கள் தீப்பிடித்த செய்திகளுக்குப் பின், ஏற்கெனவே விற்ற வண்டிகளில் புகைபோக்கிப் பகுதியிலும் மின்சுற்றிலும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக டாடா மோட்டார்ஸ் 2010 நவம்பரில் அறிவித்தது. பாதுகாப்பைக் கூட்டுவதற்குத் தயாரிப்பாளர் அவ்வளவு தூரம் போகும்போது, இருக்கும் பாதுகாப்பைத் துணைப்பொருளுக்காகக் குறைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மாற்றத்தான் வேண்டுமா

ஒரு கூடு மட்டும் களிம்பேறியிருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கிளீனரால் சுத்தம் செய்து புது ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, செருகும்போது ஃபியூஸ் லொடலொடவென்று ஆடினாலோ, உள்ளே பச்சைக் களிம்பு பல இடங்களில் தெரிந்தாலோ பெட்டியை மாற்றத்தான் வேண்டும். இதழைக் குறட்டால் நெருக்கிச் சரிசெய்வது சில நாள் வண்டி ஓட உதவலாம். வெப்பத்தில் விறைப்பை இழந்த உலோகம் மறுபடி தளரும் என்பதால் அதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாக் காரிலும் இது வீட்டு வேலை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ போன்ற வண்டிகளில் பெட்டி என்பது ஃபியூஸும் ரிலேயும் பொருந்தும் ஒரு பலகைதான். கவனமான ஒருவர் நிதானமாகச் செய்தால் மாற்றிவிடலாம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பல கார்களில் ஃபியூஸ் பாக்ஸும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் எனப்படும் கணினியும் ஒன்றோடொன்று பிணைந்தோ ஒரே பெட்டியாகவோ இருக்கின்றன. சில வண்டிகளில் திருட்டுத் தடுப்புச் சாவியின் பதிவும் அதற்குள்தான். அத்தகைய பெட்டியை மாற்றினால் கம்பெனி ஸ்கேனரை இணைத்து வண்டியின் விவரங்களைப் பதிவேற்றும் வரை கார் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வாரன்டி உள்ள வண்டியையும் சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிட வேண்டும். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் உயிரைக் கொல்லும் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது.

சரியான பெட்டியை வாங்குவது பாதி வேலை. ஒரே மாடலில் அடிப்படை ரகத்துக்கும் உயர் ரகத்துக்கும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும், ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் பெட்டி வேறுபடும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே செம்புத் தகடுகளின் இணைப்பு வேறாக இருக்கலாம். பழைய பெட்டியில் அச்சிட்ட பாக எண்ணையும் வண்டியின் சேஸ் எண்ணையும் கொடுத்துக் கேட்டால்தான் பிழை வராது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடுவதுண்டு. அப்படி வாங்கும்போது ஒவ்வொரு கூட்டிலும் ஒரு ஃபியூஸைச் செருகி எடுத்துப் பிடிமானம் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து கழற்றியதா என்பதை இணைப்பு முனைகளின் நிறமே காட்டிவிடும்.

வேலை

தேவையான கருவிகள் அதிகமில்லை. பத்து நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிளிப் நெம்பப் பிளாஸ்டிக் பட்டை, மல்டிமீட்டர், ஹோல்டரோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, பேப்பர் டேப், பேனா, படம் எடுக்க ஒரு செல்போன் இருந்தால் போதும். வண்டிகள் இடிபடும் சாலையோரத்தில் அல்ல, பகல் வெளிச்சம் உள்ள சமதளமான வாசலில், குழந்தைகள் இல்லாத நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். வெயிலில் நின்ற காரின் உட்புறம் கொதிக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கிளிப்புகள் இளகியிருக்கும், வேலை செய்பவருக்குப் பொறுமையும் போய்விடும். காலை வேளை நல்லது.

கைபிரேக் போட்டு, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி, டிக்கியையும் பானெட்டையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பின் பவர் விண்டோவும் பவர் லாக்கும் வேலை செய்யா. சாவியை எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் சாவி வீட்டுக்குள் இருக்கட்டும். மியூசிக் சிஸ்டத்துக்குக் குறியீட்டு எண் உண்டென்றால் முதலிலேயே குறித்துக்கொள்வது அவசியம்.

பேட்டரியில் முதலில் மைனஸ். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்தது. மைனஸ் இணைப்பில் இருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியே பாயும், ஸ்பேனர் பழுக்கும். அந்தத் தீப்பொறி பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனையும் பற்றவைக்கலாம். காற்றில் நான்கு சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பிடிக்கும். மைனஸைக் கழற்றிவிட்டால் பிளஸ் பாடியில் பட்டாலும் சுற்று முழுமையாகாது. கழற்றிய மைனஸ் கேபிளைத் துணியில் சுற்றி, தானாகத் திரும்பிவந்து தொடாதபடி ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும். கையில் மோதிரம், உலோகக் கடிகாரம் இருந்தால் அதற்கு முன்பே கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது காத்திருத்தல், பலரும் தவிர்த்துவிடும் கட்டம் இது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்தேக்கி ஒன்று மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது இறங்கச் சில நிமிடம் ஆகும். வண்டியின் கையேடு சொல்லும் நேரம் மாடலுக்கு மாடல் வேறுபடும். பத்து நிமிடம் காத்திருந்தால் பொதுவாகப் போதும். ஏர்பேக் ஒயர்கள் பெரும்பாலும் மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளரும் (ஒயர் முனைகளைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பான்) கொண்டவை. அவற்றில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறிய மின்னோட்டமும் அங்கே ஆபத்து.

டேஷ்போர்டின் கீழ்மூடியைக் கழற்றியதும் பெட்டியைப் பல கோணங்களில் படம் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கப்ளருக்கும் பேப்பர் டேப்பில் ஓர் எண், அது பொருந்தும் இடத்திலும் அதே எண். கப்ளர்கள் தவறான இடத்தில் நுழையாதபடி வெவ்வேறு வடிவில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய வண்டிகளில் யாரோ செதுக்கிப் பொருத்தியிருக்கவும் கூடும், ஆகவே எண் போடுவதே நம்பகமான வழி. கப்ளரை எடுக்கும்போது லாக்கை அழுத்திக்கொண்டு அதன் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே டெர்மினல் பின்வாங்கிவிடும். வெளியே சரியாகத் தெரிந்தும் தொடர்பில்லாத நிலை அது. பின்னால் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிள் சில பெட்டிகளில் நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அதைக் கடைசியில் கழற்றலாம்.

பெட்டி கைக்கு வந்ததும் கப்ளர்களின் உட்புறத்தைப் பார்ப்பதுதான் முழு வேலையின் உயிர்நாடி. பெட்டியில் கருகிய முனைக்கு எதிரே கப்ளரிலும் ஒரு முனை கருகியிருக்கும். அதை அப்படியே விட்டுப் புதுப் பெட்டியில் செருகினால் பழைய வெப்பம் புது வீட்டுக்குக் குடிவந்துவிடும். அந்த டெர்மினலை வெட்டி, அதே அளவு ஒயரில் புது டெர்மினல் போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கருகிய ஒயரின் செம்பு உள்ளே வெகுதூரம் கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, குறையும் நீளத்துக்கு ஒட்டு ஒயர் சேர்க்கலாம். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு இங்கே கூடாது. அதிர்விலும் வெப்பத்திலும் டேப்பின் பசை இளகும், முறுக்கு தளரும், பெட்டியைக் கருக்கிய அதே மின்தடை இப்போது ஒயரின் நடுவில் உருவாகும். கிரிம்ப் கருவியோ பழக்கமோ இல்லாதவர் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைப்பதில் குறைவொன்றும் இல்லை.

புதுப் பெட்டியில் ஃபியூஸ்களை அடுக்கும்போது பழைய பெட்டியைப் பார்த்து அடுக்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே யாராவது 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 போட்டிருக்கலாம். மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ உள்ள படமே ஆதாரம். சாதாரண பிளேடு ஃபியூஸில் 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. இந்த நிறங்களை மட்டும் நம்புவதும் தவறு, ஏனென்றால் பெரிய மேக்ஸி ஃபியூஸில் சிவப்பு 50 ஆம்பியர், நீலம் 60. தலையில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும். எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாத சல்லிசான ஃபியூஸ் பாக்கெட்டுகளைத் தவிர்க்க வேண்டும். அவை எந்த மின்னோட்டத்தில் உருகும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

கப்ளர்கள் ஒவ்வொன்றும் "டக்" என்று லாக் விழும் வரை அழுத்தி, நட்டுகளை இறுக்கி, ஒயர்கள் கூர்மையான தகடு விளிம்பில் உரசாதபடி கட்டி, பெட்டியை இடத்தில் பொருத்தலாம். கீழ்மூடியை இன்னும் மாட்ட வேண்டாம்.

மின்சாரம் கொடுக்கும் முன்

மைனஸ் கேபிளைச் சட்டென்று பேட்டரியில் மாட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் அவசரம். ஏதாவது ஒரு கப்ளர் மாறியிருந்தால் அந்த நொடியிலேயே விளைவு தெரிந்துவிடும், திருத்த வாய்ப்பிருக்காது. எடுத்துவைத்த 21 வாட் பல்பு இப்போதுதான் வேலைக்கு வருகிறது. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றி வைத்த மைனஸ் கேபிளுக்கும் நடுவே அந்தப் பல்பை இணைக்க வேண்டும். கதவுகள் மூடி, எல்லா சுவிட்சும் அணைந்து, சாவி வெளியே இருக்க வேண்டும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் பல்பின் வழியே 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது, ஆகவே ஒயருக்கோ பெட்டிக்கோ சேதம் இல்லை. கணினிகள் உள்ள காரில் முதலில் சற்று எரிந்து பிறகு மங்கும், அது இயல்பு. மங்காமல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில் கோளாறு. எதைப் பிடுங்கினாலும் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு ஃபியூஸுக்கு முன்னால், பெட்டியிலேயோ தடித்த கேபிளிலேயோ இருக்கிறது. சில ரூபாய் பல்பு சொல்லும் இந்தச் சேதியை விலை உயர்ந்த கருவிகூட இவ்வளவு பாதுகாப்பாகச் சொல்லாது.

பல்பு மங்கிவிட்டது என்றால் அதை எடுத்துவிட்டு மைனஸை இறுக்கலாம். ஒருவேளை பிளஸையும் கழற்றியிருந்தால் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி ஏர்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, வழக்கம்போல அணைகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால் வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. பிறகு விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், ஹாரன், கண்ணாடி என ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் எது எதைப் பாதிக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். கடிகாரத்தையும் சில வண்டிகளில் கண்ணாடியின் ஒருதொடு இயக்கத்தையும் மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

கடைசிச் சோதனை வெப்பத்துக்கானது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் முழுவேகத்தில் அரை மணி நேரம் ஓடட்டும். ஆல்டர்நேட்டர் அப்போது 14 வோல்ட் அளவு கொடுக்கும், எனவே இது நிஜமான சுமை. வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும், மூடிய ஷெட்டில் எஞ்சின் புகை உயிரைக் குடிக்கும். பிறகு ஒவ்வொரு ஃபியூஸ் தலையையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி. விரலை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்தக் கூட்டிலோ எதிர்ப்பக்கக் கப்ளரிலோ தொடர்பு சரியில்லை. பிளாஸ்டிக் வாடை வந்தால் உடனே அணைத்துவிட்டு மைனஸைக் கழற்ற வேண்டும். புகை வந்து அதற்குள் தீ பிடித்துவிட்டால் காரை விட்டு விலகி 101ஐ அழைப்பதே முதல் வேலை, உலர் தூள் அணைப்பான் கையில் இருந்தால் தூரத்தில் நின்று பயன்படுத்தலாம்.

இவ்வளவும் தேறிய பின் எஞ்சினை அணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, மைனஸ் கேபிளில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்துத் தூங்கும் காரின் மின்னோட்டத்தை அளக்கலாம். பெரும்பாலான கார்களில் அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஏதோ ஒரு கிளை இன்னும் விழித்திருக்கிறது, பேட்டரி சில இரவுகளில் இறங்கிவிடும். அளவு சரியாக இருந்தால் கீழ்மூடியை மாட்டி, ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு ஃபியூஸை உதிரியாக உள்ளே போட்டு, பெட்டியை மாற்றிய தேதியை மூடியின் உட்புறம் எழுதிவைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைக்கு மறுநாள் அந்த மூடியைத் திறந்து ஈரமோ களிம்போ இருக்கிறதா என்று பார்ப்பதும், முன்கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த இலைகளை அள்ளிப் போடுவதும் ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய வேலைகள்.